புத்தி சொல்லக் கூடாத நாள்

கொல்லிமலைக்கு நான் சாமி கும்பிடவும் போகவில்லை, அருவியில் குளிக்கவும் போகவில்லை. ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுக்கப் போனேன். மஸ்கட்டில் நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் செல்வி நர்ஸாக இருக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன் என்று அவளிடம் வாய் தவறிச் சொன்ன மறுநாளே பெட்டி என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. பேரீச்சம்பழம், பால்பவுடர், தைலம், ஒரு கம்பளி, பிள்ளைகளுக்கு மிட்டாய். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியைத் தெரியும். அதை வேண்டாம் என்று சொல்கிற தைரியம் யாருக்கும் கிடையாது.

"அரியூர் நாட்டுல எங்க அண்ணன் ஊடு சார். அண்ணன் பேரு வெள்ளையன். நீங்க போற நேரம் எங்கூர்ல அறுப்பு முடிஞ்சு புதுசு சாப்புடுற நேரம். வயிறு நெறையச் சாப்பாடு போடுவாங்க" என்றாள். சாப்பாடு என்ற சொல் காதில் விழுந்தபிறகு நான் எந்தப் பயணத்தையும் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. என் மனைவி மட்டும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "நான் வரலை. நீங்க பெட்டியைக் குடுத்துட்டு முழுசாத் திரும்பி வாங்க" என்று திருச்சியில் தன் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குழந்தைகளைக் கூட்டி வைத்து நான் ஒரு வகுப்பு நடத்துகிறேன். துதிப்பாட்டு, சுலோகம், நீதிக்கதை எல்லாம் உண்டு. சரியாகச் சொன்னால் நோட்டில் தங்க நட்சத்திரம் ஒட்டுவேன். பொய் சொல்லக்கூடாது என்ற பாடத்தைச் சொல்லித் தந்த நாளில், பக்கத்துப் பையனின் நட்சத்திரத்தை உரித்துத் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டு "இது என்னோடது அங்கிள்" என்று சத்தியம் செய்தவனும் என் மாணவன்தான்.

முதல் நாள் முழுக்க என் புத்திசாலித்தனத்தால் வீணாகப் போனது. வரைபடத்தில் திருச்சிக்குப் பக்கமாக, துறையூர் தாண்டி, மலையின் காலடியில் புளியஞ்சோலை என்று இருந்தது. இதுதான் குறுக்குவழி என்று நானே முடிவு செய்து பஸ் ஏறினேன். இறங்கிய இடத்தில் ஓடை சலசலத்தது, மரநிழல் குளுகுளுவென்றிருந்தது, மலை தலைக்கு மேலே சுவர் போல நின்றது. மேலே போகிற பஸ்தான் இல்லை.

டீக்கடைக்காரர் என் பெட்டியையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "மலை இங்கதானுங்க இருக்குது. ரோடு அந்தப் பக்கமுங்க" என்றார்.

"இந்தப் பக்கம் வழியே இல்லையா?"

"நடக்கற வழி இருக்குதுங்க. மலைக்காரங்க மூட்டையோட ஏறுவாங்க. நீங்க..." என்று இழுத்தவர், முடிக்காமல் ஒரு வடையை எடுத்துத் தட்டில் வைத்தார். அதுவே பதிலாக இருந்தது. இரண்டு வடை தின்றுவிட்டு, ஓடையில் காலை நனைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி மலையைச் சுற்றிக்கொண்டு நாமக்கல் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை ஏறிய பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள் இரண்டு கோழிகளோடு இருந்தார். வளைவுகள் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. இத்தனை ஆகிவிட்டது, இன்னும் இத்தனை என்று தேற்றிக்கொள்ளத்தான் வைத்திருப்பார்கள் போல. எனக்கு அது வயிற்றைக் கலக்கவே உதவியது. மஸ்கட்டில் மலையைக் குடைந்து நெடுஞ்சாலை போட்டிருப்பார்கள், மலை ஏறுகிறோம் என்பதே தெரியாது. இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் மலை உங்களைத் தூக்கிக் குலுக்கிப் பார்க்கிறது. கோழிகள் அமைதியாக இருந்தன. அம்மாள் என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "மோந்துக்கிட்டே வாங்க சாமி, ஒண்ணும் ஆகாது" என்றார். ஐம்பதைத் தாண்டிய என்னை ஒருவர் குழந்தையைக் கூப்பிடுவது போலச் சாமி என்று கூப்பிட்டதில் மனசு இளகிவிட்டது. பழத்தை மோந்துகொண்டே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சோளக்காடு என்ற ஊரில் இறங்கினால் குளிர். ஐப்பசி மழைக்கு இடையே வெயில் தலைகாட்டிய நாள். சாலையோரச் சந்தையில் மலைவாழையும் மிளகும் அன்னாசியும் குவிந்திருந்தன. அன்னாசி விற்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க, வாய் ஓயாத மனிதர். நான் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல, மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய துண்டுகளை நீட்டிக்கொண்டே இருந்தார். "ஏனுங்க, இவ்ளோ தூரம் வந்துபோட்டுப் பழத்த மிச்சம் வெக்கிறதா?" என்று வேறு கேட்டார். மிச்சம் வைக்கவில்லை.

வெள்ளையன் மொபெட்டில் வந்தார். ஒல்லியான மனிதர், முப்பத்தைந்து இருக்கலாம். "வாங்க சார், வாங்க. ஏறிக்குங்க" என்று பெட்டியை முன்னால் வைத்தார். பின்னால் நான் உட்கார்ந்ததும் மொபெட் ஒரு பெருமூச்சு விட்டது. மேட்டில் நான் இறங்கி நடப்பதும் பள்ளத்தில் ஏறிக்கொள்வதுமாகப் போய்ச் சேர்ந்தோம். வழியில் தன் கதையைச் சொன்னார். அவர் திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் வேலை பார்க்கிறார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த லாரிகள் வடக்கே எங்கெங்கோ போகும். ஏறினால் இறங்க ஆறேழு மாதம் ஆகும்.

"நாளைக்கு சாயங்காலம் வண்டி கெளம்புதுங்க. பெரியவ பொறந்ததுல இருந்து இந்த வருசந்தான் புதுசுக்கு ஊட்டுல இருக்கேன். மொதலாளி கால்ல விழாத கொறையா லீவு வாங்கியாந்தேனுங்க" என்றார்.

அந்தப் பெரியவள்தான் பவித்ரா. நாலாம் வகுப்பு. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, இடுப்பில் ஒன்றரை வயதுத் தங்கை. பெட்டியில் இருந்த மிட்டாயை விட என் வயிறுதான் அவளுக்கு அதிசயமாக இருந்தது என்று நினைக்கிறேன். வெள்ளையனின் மனைவி ராசாத்தி ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் போட்டார். குச்சிக்கிழங்கை அவித்து மிளகு ரசத்தோடு தனியாக வைத்தார். நாமக்கல் சேலம் பக்கம் மரவள்ளியை அப்படித்தான் சொல்கிறார்கள். நான் மூன்றாம் முறை களி கேட்டபோது பவித்ரா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், நாளைக்குச் சாமைச் சோறு. புதுச் சாமை. எங்க அப்பாவுக்கு மொத உருண்டை நாந்தான் ஊட்டுவேன்" என்றாள்.

"எனக்கு?"

"உங்களுக்கு உருண்டை பத்தாதே" என்றாள். ராசாத்தி அவளை அதட்டினார். சொன்னது உண்மைதானே என்று நான் பரிந்து பேசினேன்.

சாப்பாடு முடிந்து பிற்பகலில் சாமைக் காட்டைப் பார்க்கப் பிள்ளைகளோடு போனேன். சரிவில் பாதி அறுத்தும் பாதி நின்றும் இருந்தது. கதிர்கள் மெல்லிசாக, தலை கவிழ்ந்து, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கீழே பள்ளத்து வயலில் நெல் பச்சையாக நின்றது. மேகம் ஒன்று எங்களுக்குக் கீழே நகர்ந்து போனது. நான் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சின்னச் சம்பவம் நடந்தது.

பவித்ரா இடுப்பில் இருந்த தங்கை கையை நீட்டி, கதிர் ஒன்றைக் கொத்தாக உருவி, அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். பவித்ரா பதறி உட்கார்ந்து, குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். கொஞ்சம் வந்தது. மீதி உள்ளே போய்விட்டது. குழந்தை சப்புக்கொட்டியது.

"விடு கண்ணு, என் பையன் சின்ன வயசுல சாக்பீஸே தின்னிருக்கான்" என்று சிரித்தேன். பவித்ரா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நாளைக்குக் கோயில் காட்டில் பவித்ராதான் சாமையைச் சுமந்து போய்ச் சாமி முன் பேசப்போகிறாள் என்று வெள்ளையன் பெருமையோடு சொல்லியிருந்தார். எனக்குள் இருந்த வெள்ளிக்கிழமை வாத்தியார் விழித்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பவித்ரா, நாளைக்குச் சாமிகிட்டப் பேசும்போது..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க! வேண்டாமுங்க!" என்றார் ராசாத்தி. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளையனும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைக் கைகாட்டித் தடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. ராசாத்தி மகளைப் பார்த்து, "சாமி, சொம்புல தண்ணி மொண்டுக்கிட்டு வா" என்று வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகு வெள்ளையன் விளக்கினார்.

அந்த ஊரில் புது விளைச்சலை யாரும் அப்படியே சமைத்துத் தின்பதில்லை. முறை வைத்து ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டுப் பிள்ளை, அறுத்ததில் முதல் முறத்தைச் சுமந்துகொண்டு கோயில் காட்டுக்குப் போகும். பூசாரி அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். புதுசில் யாராவது வாய் வைத்தார்களா என்று. பெரியவர்கள் யாரும் பதில் சொல்ல முடியாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் அன்றைக்கே ஊர் முழுக்கப் பானை ஏறும். ஆமாம் என்று சொன்னால் முறத்தில் இருப்பதைக் காட்டுப் பறவைகளுக்குப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த வாரம் அதே கிழமையில், அறுக்காத காட்டிலிருந்து புதிதாக அறுத்துத் தொடங்க வேண்டும். அதுவரை புதுசு எந்த வீட்டிலும் கிடையாது.

"அதெல்லாம் சரிங்க. நான் ஏன் பேசக்கூடாது?"

"முந்தின நாள் பொழுது உளுந்துட்டா, அந்தப் புள்ளைக்கு யாரும் புத்தி சொல்லப்படாதுங்க. உண்மையச் சொல்லுன்னும் சொல்லப்படாது, பொய் சொல்லுன்னும் சொல்லப்படாது. வையப்படாது, மெச்சப்படாது. புதுசப் பத்தியே அதுங்கிட்டப் பேசப்படாது. அதோட வாயில என்ன வருதோ அதுதான் சாமிக்கு."

"சின்னப்பிள்ளை தெரியாமல் ஏதாவது சொல்லிவிட்டால்?"

"சொன்னது சொன்னதுதானுங்க. ஊர் அதுக்குக் கட்டுப்படும்."

நான் களியை மறந்துவிட்டேன். பிற்பகலில் காட்டில் என்னைப் பார்த்த அந்தக் கண்கள் இப்போதுதான் எனக்குப் புரிந்தன. அவளையும் என்னையும் தவிர அது யாருக்கும் தெரியாது. அவள் ஆமாம் என்றால், நாளைச் சாயங்காலம் வண்டி ஏறப்போகிற அப்பா புதுசு சாப்பிடாமலே போவார். இல்லை என்றால் அவள் நினைத்து வைத்திருக்கிற உருண்டையை ஊட்டலாம். இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. சொல்லிச் சொல்லியே வளர்க்கிற கூட்டத்தைச் சேர்ந்த எனக்கு அந்த வீட்டின் மௌனம் பயமாக இருந்தது. பயத்தோடு கூடவே ஒரு வியப்பு. எங்கள் வகுப்பில் பிள்ளைகளின் காதுக்கு நாங்கள் ஓய்வே கொடுப்பதில்லை. பவித்ரா தண்ணீரோடு வந்தாள், சொம்பை வைத்தாள், ஒருவர் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டாள்.

விடிந்ததும் பல் துலக்கக் குழாயடிக்குப் போனேன். பவித்ரா தலைக்குக் குளித்துவிட்டு ஈரச் சடையோடு நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"அங்கிள், நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன் கண்ணு."

"பாப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாதுல்ல? பாப்பா செஞ்சா அதும் சேருமா?"

என் தொண்டை வரைக்கும் ஒரு பிரசங்கம் வந்துவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் என்னால் வாதாட முடியும். விவரம் தெரியாத குழந்தை செய்தது குற்றமாகாது என்று அழகாக நிரூபித்து, அந்தப் பெண்ணை அவள் அப்பாவோடு உட்காரவைத்துச் சாப்பிட வைக்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியலை கண்ணு" என்றேன். அதுவும் உண்மைதான்.

"அப்பாவுக்கு இன்னிக்குச் சாயங்காலம் வண்டி" என்றாள். வேறு யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கோயில் காடு ஊருக்கு மேலே இருக்கிறது. எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க மாட்டார்கள் என்றார்கள். அண்ணாந்து பார்த்தால் மரங்களுக்கு முடிவு தெரியவில்லை. பாசி பிடித்த அடிமரங்கள், மேலிருந்து சொட்டுகிற பனித்தண்ணீர், வெறுங்காலில் ஏறுகிற ஈர மண்ணின் குளிர். கோபுரம் கிடையாது, சுவர் கிடையாது. ஒரு மரத்தடியில் நாலைந்து கற்களும் வேல்களும் நட்டிருந்தன. எத்தனையோ பெரிய கோயில்களில் நெரிசலில் நசுங்கி நின்றிருக்கிறேன். இங்கே நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரே வந்திருந்தது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை.

பூசாரியைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். சோளக்காட்டில் எனக்கு அன்னாசி ஊட்டாத குறையாக விற்ற அதே மனிதர். இடுப்பில் ஈர வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நேற்றுப் பேசின வாயா இது என்கிற மாதிரி அமைதியாக இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டதாகவே காட்டவில்லை.

பவித்ரா முறத்தைத் தலையில் வைத்து நடந்து வந்தாள். கற்களுக்கு முன்னால் இறக்கி வைத்தாள். பூசாரி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார், அவள் உயரத்துக்கு முகம் வரும்படி. கை கூப்பினார். கும்பிட்டது கற்களையா அவளையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சாமி, புதுசுல யாராச்சும் வாய் வெச்சாங்களா?"

அவள் முறத்தைப் பார்த்தாள். திரும்பி அப்பாவைத் தேடினாள். வெள்ளையன் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார். ராசாத்தி இடுப்புக் குழந்தையை அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஒருவரும் கண்ணால்கூட அவளுக்கு எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று ஊரே தலையைக் குனிந்துகொண்டது. அத்தனை பெரியவர்கள் ஒரு சிறுமியின் வாய்க்காகக் காத்து நிற்பதை நான் என் வாழ்நாளில் அதற்கு முன் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்லிவிடு, போகட்டும் என்றுகூட மனசுக்குள் வேண்டினேன். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பூசாரி மறுபடி கேட்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"ஆமாங்க" என்றாள் பவித்ரா. "வாய் வெச்சுட்டாங்க."

அவ்வளவுதான். யார் என்று பூசாரி கேட்கவில்லை. ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அதுவும் முறையாம், கேட்பதே இல்லையாம். ஒரு நிமிஷம் எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. நேற்று முழுக்கக் கண்டதையெல்லாம் தின்றுகொண்டிருந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். அசலூர்க்காரன்தான் கதிரைக் கடித்திருப்பான் என்று இவர்கள் நினைத்தால் என்ன செய்வது என்று திருட்டு முழி முழித்தேன். யாரும் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

பூசாரி எழுந்தார். முறத்தில் இருந்த சாமையை இரண்டு கையாலும் அள்ளிக் காட்டுக்குள் தூவினார். "அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்றார். ஜனங்கள் கலைந்தார்கள். சொந்தக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தவர்களும், பானை கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. முணுமுணுப்பு இல்லை. ஒரு பெண் போகிற போக்கில் பவித்ராவின் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். பாராட்டவும் கூடாது என்பதால் அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளையன் மகளுக்குப் பக்கத்தில் வந்து வெறும் முறத்தை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவள் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பனித்தண்ணீர் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுதேன் என்பதுதான் நிஜம்.

மத்தியானம் ராசாத்தி குச்சிக்கிழங்கை வேகவைத்தார். அது வெந்து இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, மேலே சாலையில் மண் சரிந்திருக்கிறது, பஸ் தாமதமாகும், இப்போதே கிளம்பினால்தான் உண்டு என்றார். ஒரு ஜீப் சோளக்காடு வரைக்கும் போகிறதாம். வெள்ளையன் பையைத் தூக்கிக்கொண்டார். நானும் அதே வண்டியில் இறங்குவதாகச் சொல்லிவிட்டேன். ஒரு கிழங்கு வேகும் வரையாவது பொறுத்துத் தின்றுவிட்டுப் போகும்படி ராசாத்தி கெஞ்சினார். வெள்ளையன் நேரமில்லை என்று சொல்லிச் சின்னவளை முத்தமிட்டு, பெரியவளைப் பார்த்து, "போய்ட்டு வாரேன் சாமி" என்றார். பவித்ரா தலையை ஆட்டினாள். ஜீப் திரும்புகிற வரைக்கும் அவள் அழவில்லை. திரும்பின பிறகு என்ன செய்தாள் என்று தெரியாது.

சோளக்காட்டில் பஸ் கிடைத்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இறக்கத்தில் என் வயிறு பொறுத்துக்கொண்டது, மனசுதான் பொறுக்கவில்லை. பாதி மலை இறங்கியதும் கேட்டே விட்டேன். "வருத்தமா இருக்குதா வெள்ளையன்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நேத்து விளக்கு வெச்சப்பறம் சின்னவ மூஞ்சியக் கழுவி உட்டேனுங்க. பல்லுச் சந்துல சாமை உமி இருந்துச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா உங்களுக்கு? ராத்திரி முழுக்கத் தெரியுமா?"

"தெரியுமுங்க. பெரியவதான அவளத் தூக்கிட்டே திரியறா, அவளுக்குத் தெரியாம இருக்காதுன்னும் தெரியும். பொழுது உளுந்துபோச்சுங்களே. நான் என்ன சொல்லட்டும்?"

"அவள் இல்லைன்னு சொல்லியிருந்தா?"

"சாப்ட்டிருப்பேனுங்க. அவ ஊட்டுனா வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஊரே சாப்ட்டிருக்கும்." வளைவில் பஸ் சாய்ந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஆறு மாசமும் அது நெஞ்சுலயே கெடந்திருக்குமுங்க. எம் புள்ளை எனக்காகப் பொய் சொல்லிப்போட்டாளேன்னு. கண்ண மூடிட்டு நின்னனே, சாமியக் கும்பிடலீங்க. எப்படியாச்சும் சாப்புடணும்னு ஒருக்கா நெனப்பு வருது, அவ உள்ளதச் சொல்லிப்போடணும்னு ஒருக்கா வருது. கேவலமா இருந்துச்சுங்க."

நான் அவர் தோளில் கை வைத்தேன்.

அடிவாரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வளைவுகளில் சிக்னல் போயிருந்த கைபேசிகளுக்கு உயிர் வந்து பஸ் முழுக்க மணி அடித்தது. அவருடையதும் அடித்தது. பழைய கைபேசி, பவித்ராவின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"அடிவாரம் வந்துட்டேன் சாமி."

"சாப்ட்டீங்களா?"

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பட்டினி கிடந்தாலும் தொலைபேசியில் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லுவோம், கேட்கிறவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று. மஸ்கட்டிலிருந்து என் அம்மாவிடம் நான் வாரத்துக்கு நாலு தடவை அப்படித்தான் சொல்கிறேன். வெள்ளையனும் வாயைத் திறந்தார். "சாப்" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். கைபேசியைக் காதில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.

"இல்ல சாமி" என்றார். "இன்னும் சாப்புடல. பசிக்குது."